சுடுதண்ணி அடுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்பில், மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனுக்கு இஸ்தோப்பு கிடைக்கும். வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் காம்பரா அறைக்கு முன்னால் உள்ள ஆறடி வராந்தாவைத்தான் நாங்கள் இஸ்தோப்பு என்போம். அதைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து, ஒரு கட்டிலைப் போட்டு, குறுக்கே பழைய சேலை ஒன்றைக் கட்டிவிட்டால் புதுப்பெண்ணைக் கூட்டி வரலாம். என் அப்பா இராசையா கல்யாணம் கட்டியபோதும் அதே இஸ்தோப்புதான். தாத்தா செத்த பிறகுதான் அவர் கட்டில் உள்ளே போனது. ஆக எங்கள் வீட்டில் ஒரு கட்டில் பத்தடி நகர வேண்டுமானால் யாராவது ஒருவர் சாக வேண்டும். இதை நான் கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோபப்பட வேண்டிய நேரத்தில் நான் கோபப்படவில்லை. இப்போது பட்டு யாருக்கு என்ன லாபம்?

நானும் ஜெயந்தினியும் ஏழு வருஷம் அந்த இஸ்தோப்பில் இருந்தோம். வாசல் கதவு எங்கள் கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. விடிகாலையில் அப்பா வெளியே போக எழுந்தால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வரும்போதே தொண்டையைச் செருமுவார். மரியாதைக்குச் செருமுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் செருமல் கேட்டதும் ஜெயந்தினி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். அவர் போன பின்னால் அம்மா கொழுந்துக் கூடையைத் தேடிக்கொண்டு வருவாள். பிறகு தூங்கி என்ன ஆகப் போகிறது என்று இரண்டு பேரும் எழுந்துவிடுவோம்.

ஐந்தாவது வருஷம் கோவிலில் யாரோ ஒரு பெண் அவளிடம், இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"அவங்களுக்கு என்னா தெரியும். புருஷன்கிட்ட ரெண்டு வார்த்த பேசணுமுன்னா தேயில மலைக்குள்ள போக வேண்டியிருக்கு. இந்த இஸ்தோப்புல எப்படிங்க புள்ள வரும்?"

நான் சிரித்தேன். சிரித்து மழுப்புவதில் நான் கெட்டிக்காரன்.

பதுளை டவுனில் அஸீஸ் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் எனக்கு வேலை. அங்கே சேர்ந்து பதினான்கு வருஷம். கீல், தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் என் பக்கம். வீடு கட்டுகிறவர்கள் வந்தால் எந்தக் கதவுக்கு எத்தனை அங்குலக் கீல், எந்த அறைக்கு எந்தப் பூட்டு என்று நான்தான் விளக்கமாகச் சொல்லிக் கொடுப்பேன். எனக்கென்று ஒரு கதவு இல்லை என்பது முதலாளிக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி கிருஷ்ணராஜ், ஹாலிஎலயில எங்கட தங்கச்சி ரிஸ்காட வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா ஈக்கிது. தனிக் கதவு, தனிக் குசினி. நல்ல மனுசருக்குத்தான் குடுக்கணும் எண்டு பாத்துக்கொண்டு ஈக்கிறா. நீங்க பொஞ்சாதியோட வந்து இருங்களே."

ஜெயந்தினியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் குசினிக்குள் போய் அடுப்பு வைக்கும் மேடையைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய்ச் சாண் போட்டு அளந்தாள். திரைச்சீலை தைக்க எத்தனை சாண் துணி வேண்டும் என்று பார்த்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு வெலிமடையில் தையல் பழகியவள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் அப்படிச் சாய்கிற ஆள் அல்ல.

நான் தீபாவளி போகட்டும் என்றேன். தீபாவளி போனது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்து அவர் கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார். சித்திரை வருஷப்பிறப்பில் இந்த வீட்டை விட்டுப் போனால் நன்றாக இருக்காது, அது கழியட்டும் என்றேன். கழிந்தபோது ரிஸ்கா அந்த அறையை வேறு ஒரு ஜோடிக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்பா என்னைப் போகாதே என்று சொன்னதே இல்லை. 'இருக்கிற எடத்த விட்டுட்டு எதுக்குடா வாடகைக்கு' என்று ஒரே ஒரு தடவை, அதுவும் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல் சொன்னார். நான் அதைக் கோர்ட்டுத் தடையுத்தரவு மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அங்கே வசதியாக இருந்தது. சட்டையை அம்மா தோய்த்துப் போடுவாள். பஸ்ஸுக்கு ஓடும்போது சோற்றுப் பார்சல் கையில் வரும். முப்பத்தாறு வயதிலும் நான் 'தம்பி'தான். அந்த வசதிக்கெல்லாம் யார் விலை கொடுக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அறை கைவிட்டுப் போனதும் ஜெயந்தினிக்கும் அம்மாவுக்கும் சமையலில் பிடித்துக்கொண்டது. ஜெயந்தினி வெலிமடைப் பக்கத்துப் பெண். எதைக் கண்டாலும் வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸை நறுக்கிப் போடுவாள். அம்மாவுக்கு அந்த வாசமே ஆகாது.

"பருப்புல லீக்ஸ், கெழங்குல லீக்ஸ். நாளைக்கு டீத்தண்ணியிலயும் போடுவா போலருக்கு" என்று அம்மா அடுப்படியில் நின்று சத்தம் போடுவாள். ஜெயந்தினி பதில் பேசமாட்டாள். ஆனால் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் பதில் பேசும். ஒருநாள் இரண்டு பேருமே சாப்பிடாமல் இருந்தார்கள். அதற்கு மேல் தாங்காமல் நான் கடையில் இருந்து நான்கு தகரம் கொண்டு வந்து, பின்பக்கச் சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்கி, செங்கல் வைத்து, மண் பூசி அவளுக்குத் தனியாக ஓர் அடுப்புக் கட்டிக் கொடுத்தேன். ஏழு வருஷத்தில் நான் அவளுக்காகச் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

அந்தச் சாய்ப்பில் இரண்டு பேர் குந்தலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. கடையிலிருந்து வந்ததும் நேரே அங்கே போய்விடுவேன். அவள் தணலில் உருளைக்கிழங்கைப் புதைத்து வைத்திருப்பாள். தோலை உரித்து, உப்புத் தொட்டு, ஊதி ஊதித் தின்போம். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைக் கதை, லயத்துக் கதை, அவள் அம்மா வீட்டுக் கதை எல்லாம் பேசுவோம். ஒரு புருஷனும் பெண்சாதியும் பேசுவதை அந்த லயத்தில் வேறு எங்கே பேச முடியும்? நாங்கள் குடும்பம் நடத்தியது என்றால் அந்த அடுப்படியில்தான்.

அடுப்பைப் பிரித்தது அப்பாவுக்குப் பெரிய அவமானம். அவர் எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு மாரியம்மன் கோவில் கமிட்டித் தலைவர். எங்கள் கோவிலில் ஓர் அடுப்புக்கு ஒரு பொங்கல் பானை. அண்ணன் தம்பி அடுப்பைப் பிரித்துக்கொண்டால் அந்த வருஷமே பானை இரண்டாகிவிடும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் ஒற்றுமை என்று தெரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம், திருவிழாவில் பானையை எண்ணினால் போதும். 'இராசையா வீட்டுல இன்னிக்கும் ஒரே பானை' என்று கமிட்டியில் எழுந்து நின்று சொல்வதில் அப்பாவுக்கு அத்தனை பெருமை. அதனால் ஜெயந்தினிக்கு அடுப்பு இருந்தது, பானை இல்லை. யாராவது விருந்தாளி வந்தால் அவள் சமைத்த சட்டியைத் தூக்கி வந்து அம்மாவின் அடுப்பில் வைத்துவிடுவாள். லயத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததை முகத்துக்கு நேரே சொல்லாத அளவுக்கு மரியாதை இருந்தது.

போன வருஷத்துக்கு முந்திய மழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துவிட்டது. கையை விடும் அளவுக்கு வெடிப்பு. இனி இந்த லயத்தில் ஆட்கள் இருக்கக்கூடாது, கீழ்க்கணக்கில் தனி வீடு கட்டித் தருகிறோம் என்று வீட்டுத் திட்டத்து அதிகாரிகள் கோவிலில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். காம்பராவுக்கு ஒரு வீடு அல்ல, அடுப்புக்கு ஒரு வீடு. கல்யாணம் கட்டிய மகன் அப்பாவோடு ஒரே காம்பராவில் இருந்தாலும், தனியாகப் பொங்கிச் சாப்பிட்டால் அவன் தனிக் குடும்பம். அவனுக்கு ஏழு பேர்ச் காணித் துண்டும் அதில் ஒரு வீடும்.

ஜெயந்தினி அன்று கூட்டத்தில் இருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். சாய்ப்புக்குள் என்னை உட்கார வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வியாழக்கெழம பட்டியல் எடுக்க வாராங்க. நீங்க லீவு போட்டு வீட்டுல இருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ரெண்டு அடுப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

"சொல்லாம இருப்பனா?" என்றேன்.

"மாமா பக்கத்துல இருப்பாரு."

"இருந்தா என்ன? இது ஒளிச்சு வைக்கிற விஷயமா? கண்ணுக்கு முன்னால இருக்கு."

"என் தலையில கை வச்சுச் சொல்லுங்க" என்றாள். வைத்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை அவள் விடியும் முன்பே எழுந்து சாய்ப்பைக் கூட்டி, அடுப்பைச் சாணியால் மெழுகினாள். சட்டி பானைகளைத் தேய்த்து வரிசையாகக் கவிழ்த்தாள். வருகிறவர்கள் புகையைப் பார்க்க வேண்டும் என்று பச்சை விறகாகத் தேடி வைத்து எரித்தாள். சோறு, பருப்பு, லீக்ஸ் பொரியல் மூன்றும் தன் அடுப்பில் ஆக்கினாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அப்பாவும் தன் பங்குக்கு வெள்ளைச் சட்டை போட்டு, இஸ்தோப்பில் எங்கள் கட்டிலை ஓரமாகத் தள்ளி, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பட்டியல் எடுக்க வந்தவள் சின்ன வயதுப் பெண். கூடவே லயத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் நின்றார்கள். அதில் வீரசிங்கமும் ஒருவர். அப்பாவுக்குப் பிறகு கோவில் தலைவராக வேண்டும் என்று பத்து வருஷமாகக் காத்திருக்கிற மனிதர். அப்பா ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் அதைக் கீழ்க்கணக்கு வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்கக்கூடியவர்.

பெயர்களை எழுதிக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள். "எத்தன அடுப்பு ஐயா?"

"ஒண்ணுதான் மிஸ்" என்றார் அப்பா. "எங்க வூட்டுல எப்பவும் ஒரே அடுப்புத்தான்."

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நல்ல பெண். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "பின்னால பொகயுதே. நீங்க தனியா சமைக்கிறீங்களா அண்ணா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வீரசிங்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே, பின் கதவோரம், ஜெயந்தினி கரண்டியோடு நின்றாள். ஆமாம் என்று ஒரு சொல். மூன்று வயதுப் பிள்ளை சொல்லிவிடும்.

"அது சுடுதண்ணி அடுப்பு மிஸ்" என்றேன். "குளிக்க."

வீடு முழுக்க லீக்ஸ் வாசம். லீக்ஸ் போட்டுக் குளிக்கிற குடும்பம் போலிருக்கிறது என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். ஆனால் எழுதிக்கொள்வதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்? அப்பாவிடம் ஒரு கையெழுத்து, என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போனாள். திரும்பிப் பார்த்தேன். பின் கதவோரம் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டே சாய்ப்புப் பக்கம் போனேன். அடுப்பில் பெரிய அலுமினியப் பானை நிறையத் தண்ணீர் கொதித்தது. சோற்றுப் பானையும் சட்டிகளும் அங்கே இல்லை. எல்லாவற்றையும் அம்மாவின் அடுப்படிக்குக் கொண்டு போய் வைத்துவிட்டாள்.

"தண்ணி காஞ்சிருச்சு. குளிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த அடுப்பில் அவள் ஒரு பிடி அரிசி வேகவைக்கவில்லை. தினமும் நான் கடையிலிருந்து வந்ததும் தண்ணீர் மட்டும் சுட வைத்துக் கொடுத்தாள். அம்மா வைத்த குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். அம்மாவே பயந்துபோய், "ஏ புள்ள, ரெண்டு லீக்ஸ் வாங்கியாரச் சொல்லவா" என்று கேட்டாள். "வேணாம் அத்த" என்றாள்.

தப்பாக எழுதியவர்கள் அந்த மாதக் கடைசிக்குள் வந்து திருத்தலாம் என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள். நான் படிவத்தை வாங்கினேன். நிரப்பவும் செய்தேன். 'எமது வீட்டில் இரண்டு அடுப்புகள் உள்ளன' என்று முத்து முத்தாக எழுதி, மடித்து, கடையில் தாழ்ப்பாள் வைக்கும் மேசை லாச்சியில் வைத்தேன். ஜெயந்தினியிடமும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "குடுத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

ஆனால் இடையில் திருவிழா வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் கண் முழுக்கச் சரியில்லை என்று அப்பா அந்த வருஷத்தோடு தலைவர் பதவியை விடுவதாக இருந்தார். கடைசித் திருவிழா. அவர் ஒரே பானை என்று சொல்லிக்கொண்டு திரியும்போது நான் இரண்டு அடுப்பு என்று எழுதிக் கொடுத்தால் அவர் மானம் என்னாவது? திருவிழா முடியட்டும் என்று நினைத்தேன். என் வாயில் எப்போதும் வருகிற 'போகட்டும், முடியட்டும்' இந்தத் தடவையும் தவறாமல் வந்தது.

திருவிழா முடிந்தது. கடைசி நாள் முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டு, படிவத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த அதிகாரிகளின் கந்தோருக்குப் போனேன். திருத்த வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் இரண்டாவது ஆளாக வீரசிங்கம். தன் மகனுக்கு அடுப்புச் சேர்க்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னா தம்பி, நீங்களுமா? உங்க வூட்டுலதான் ஒரே அடுப்பாச்சே."

"இல்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அந்த மனிதர் தன் மகனுக்காக வெட்கம் பார்க்காமல் வரிசையில் நின்றார். நான் எனக்காகக்கூட நிற்கவில்லை. சந்தியில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, கந்தோர் மூடுகிற நேரம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

படிவத்தைக் கொடுத்தாயிற்று என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஆமாம், அதையும் செய்தேன்.

சித்திரையில் பட்டியலைக் கோவில் சுவரில் ஒட்டினார்கள். ஜெயந்தினி போய்ப் பார்த்தாள். அப்பா இராசையா, அம்மா வேலாயி, அவர்களோடு வசிப்பவர்கள் கிருஷ்ணராஜ், ஜெயந்தினி. ஒரு வீடு. வீட்டுக்கு வந்து வழக்கம் போல எனக்குத் தண்ணீர் சுட வைத்தாள். இரண்டு நாள் கழித்து, "கடையில இருந்து ஒரு தாழ்ப்பாள் கொண்டாங்க. நல்ல கனமா, ஆறங்குலத்துல" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம். இஸ்தோப்புக்குச் சேலைக்குப் பதிலாகக் கதவு போடச் சொல்கிறாள், ஒருவழியாக மனம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தத் தாழ்ப்பாளைப் பையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வெலிமடைக்குப் போனாள். முன்பு அவளுக்குத் தையல் பழக்கிய ஸிஹாமா என்பவரின் கடையில் வேலை, கடைக்குப் பின்னால் ஓர் அறை. எல்லாம் பேசி முடித்திருந்தாள். பஸ் வரும் வரைக்கும் சந்தியில் நின்றோம்.

"நா சண்ட போட்டுக்கிட்டுப் போகல. அத்த மேலயோ மாமா மேலயோ எனக்குக் கோவமில்ல. நீங்களும் வாங்க. வரும்போது பேக்க எடுத்துக்கிட்டு வாங்க. பாத்துட்டுப் போக வாரதுன்னா வேணாம்."

மூன்று மாதம் கழித்துப் போனேன். பேக் இல்லாமல். புது வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது, அப்பாவுக்குத் தனியாக ஓட முடியாது, அம்மாவுக்கு முழங்கால் வலி. சொல்லிக்கொள்ளக் காரணமா இல்லை. அவள் அறை சின்னதுதான். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை தைத்துப் போட்டிருந்தாள். மூலையில் ஒரு சின்ன காஸ் அடுப்பு. கதவில் நான் கொடுத்த தாழ்ப்பாள். அவள் என் கையைப் பார்த்தாள், பின்னால் படியைப் பார்த்தாள்.

"பேக் கொண்டாரலையா?"

"வீட்டு வேல முடியட்டும்னு…"

"சரி, டீ ஆறப் போகுது. குடிங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமானதும் வாசல் வரைக்கும் வந்தாள். "இனிமே பேக்கோட வந்தாலும் நா யோசிக்கணும்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. நான் படி இறங்கியதும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நல்ல சரக்கு, ஒரே தள்ளில் விழும்.

இந்தத் தையில் புது வீட்டுக்குக் குடி வந்தோம். இரண்டு அறை. வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்குக் கதவு வைத்த ஓர் அறை கிடைத்தது. முதல் நாள் அப்பா அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைய கூட்டியாந்துருடா. இனிமே அவளுக்கு என்னா கொற" என்றார்.

எத்தனையோ வருஷமாக வராத கோபம் அப்போது வந்தது. "நீங்கதான ஒண்ணுன்னு சொன்னீங்க" என்று கத்தினேன். "மிஸ் வந்து கேட்டப்ப ஒரே அடுப்புன்னு சொன்னது நீங்கதான?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்னேன். நீ போயிருவியோன்னு பயம். அதால சொன்னேன்" என்றார். "நீ ரெண்டுன்னு சொல்லியிருந்தா, வெளியாள் முன்னுக்கு எம்மகன பொய்க்காரனாக்குவேனா? வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன். கோவில்ல நாலு பேரு சிரிப்பானுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். அன்னிக்கு நீ வாயத் தொறக்குற வரைக்கும் நா நிமிந்து பாக்கல. நீ ஏன்டா சொல்லல?"

எனக்கு முப்பத்தெட்டு வயது. ஸ்கூல் பிள்ளை மாதிரி அந்தக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

அம்மா அதற்கு மேல் ஒன்று செய்திருந்தாள். நான் கடைக்குப் போயிருந்த இரண்டு நாளில், முழங்கால் வலியோடு, கட்டடத்தில் மிஞ்சிய செங்கல்லைப் பொறுக்கி, வீட்டுக்குப் பின்னால் தனியாக இன்னோர் அடுப்புக் கட்டி மண் பூசி வைத்திருந்தாள். மேலே தகரம் போடுவதற்குக் கம்பும் நட்டிருந்தாள்.

"அவ வந்தா அவ பாட்டுக்குப் பொங்கிக்கட்டும் தம்பி. லீக்ஸ் போட்டுக்கட்டும். நா மூக்க பொத்திக்கிறேன்" என்றாள்.

அன்றே ஜெயந்தினிக்குப் போன் எடுத்தேன். அம்மா உனக்குத் தனி அடுப்புக் கட்டியிருக்கிறாள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"அத்தைய ஒடம்ப பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு, "எனக்கு அடுப்பு இல்லாமயா இருந்துச்சு? நீங்கதான் கட்டிக் குடுத்தீங்க. நீங்கதான் அது அடுப்பில்லன்னும் சொன்னீங்க. இன்னொருத்தர் இப்ப கட்டிக் குடுத்து என்னாங்க ஆகப்போகுது" என்றாள். மெஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது. நான் போனை வைத்தேன்.

அந்தக் கம்பின் மேல் நானே தகரம் போட்டேன். அம்மா கட்டிய அடுப்பு நன்றாகப் பிடிக்கும், புகையே இல்லை. கீழ்க்கணக்கில் காலைக் குளிர் கொஞ்சம் அதிகம். நான் எழுந்து வருவதற்குள் அம்மா அதில் பெரிய அலுமினியப் பானையை வைத்து விறகைத் தள்ளிவிடுவாள்.

"தம்பி, தண்ணி காஞ்சிருச்சு. குளிச்சிட்டு வேலைக்குப் போ" என்பாள்.

நான் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் குளிக்கிறேன்.